ரேவதிக்குப் படம் இல்லை

1

இந்தக் கதை ஒரு சாம்பல் நிற வட்டத்திலிருந்து வந்தது. ஏதோ ஒரு சங்கத்தின் இணையதளத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது, படம் இல்லை. படத்துக்கான வட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

முதல் தொடக்கம்: "அண்ணனூர் ரயில் நிலையத்தில் அன்று மழை..." வேண்டாம். அப்புறம் கதை முழுக்கக் குடை பிடிக்க வேண்டிவரும்.

இரண்டாவது: கிருஷ்ணப்பிரியா, முகப்பேரில் வீட்டிலிருந்தபடியே இணையதளம் செய்து தருபவள். இது பரவாயில்லை. இவளையே வைத்துக்கொள்கிறேன்.

2

அவளுக்கு வேலை கொடுத்தவர் வசந்தகுமாரி. மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டியில் தினமும் ஒன்றாகப் போய்வரும் பெண்கள் ஆரம்பித்த பயணியர் சங்கத்துக்குச் செயலாளர்.

"பெரிசா ஒண்ணும் வாணாம்மா. புச்சா வர்ற பொண்ணு பயப்படாம ஏறணும். அதுக்குத்தான் இந்த சைட்டு."

நிர்வாகிகள் பக்கத்தில் 'புதியவர்களுக்குத் துணை' என்ற பொறுப்புக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அந்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. கிருஷ்ணப்பிரியா மாதிரிக்காக 'ரேவதி' என்று போட்டாள், போன் எண்ணுக்குத் தன் எண்ணையே கொடுத்தாள். கீழே ஒரு வரி: 'முதல் நாள் நான் உங்கள் பக்கத்தில் உட்கார்வேன்.'*

(* இந்த வரி எங்கிருந்து வந்தது? கிருஷ்ணப்பிரியாவுக்கும் கூட்டம் என்றால் உதறல். அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. என்னிடமும்தான்.)

சரிபார்க்கச் சொல்லி வசந்தகுமாரிக்கு அனுப்பினாள். வாட்ஸ்அப்பில் வந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்தப் பெட்டியில் யாருக்கும் கிடையாது. வண்டி வில்லிவாக்கம் தாண்டுவதற்குள் எல்லாக் குழுக்களுக்கும் போய்விட்டது. கிருஷ்ணப்பிரியா பதறிப்போய் வசந்தகுமாரிக்குப் போன் செய்தாள்.

"ஐயோ அக்கா, ரேவதின்னு யாரும் இல்ல. சும்மா போட்ட பேரு அது."

"இன்னாமா சொல்ற? பச்ச டிபன் பை வெச்சிகினு ஜன்னலோரம் குந்திகினு வருவாளே, அவதானே? போன வாரம்கூட எனக்கு எடம் புட்ச்சி வெச்சா!"

வசந்தகுமாரி பெட்டியில் விசாரித்தபோது எல்லாருமே ரேவதியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். கிருஷ்ணப்பிரியாவுக்கே லேசாகச் சந்தேகம் வந்தது.

3

மறுநாள் போன் வந்தது.

"ரேவதி அக்காவா? நான் சபீனா, அண்ணனூர்ல ஊடு. பெரம்பூர்ல கண்ணாடிக் கடைல வேலை கெட்ச்சிகீது, திங்கக்கெயம வரச் சொல்லிட்டாங்க. ஒரு தபா ரயில் கூட்டத்துல மயங்கி உயுந்துட்டேன்கா. அதுலேர்ந்து ஏறவே இல்ல. ஊட்ல போவாதன்றாங்க. இத்த வுட்டா என்னிய வேற எங்கியும் வுட மாட்டாங்க. நெசமாவே பக்கத்துல குந்துவீங்களா?"

அப்படி யாரும் இல்லை என்று சொல்லத்தான் கிருஷ்ணப்பிரியா வாயெடுத்தாள்.

"உட்காருவேன். நீ வா."

"ஒங்க மொகம் தெரியாதேக்கா, படம் இல்லியே. வண்டி வந்ததும் பேரச் சொல்லிக் கூப்புடறேன்."

[இங்கே அவள் கண்ணாடி முன் நின்று அழுவதாக ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் அழவில்லை, நான்தான்.]

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ: கிருஷ்ணப்பிரியா 'நான்தான் ரேவதி' என்கிறாள். அழகுதான். ஆனால் அந்தப் பெயரை எத்தனை நாள் தூக்கிக்கொண்டு திரிவாள்?

ஆ: உண்மையைச் சொல்லிவிடுகிறாள். சபீனா வீட்டுக்குத் திரும்பி... இல்லை, என்னால் முடியாது.

இ: பச்சைப் பையோடு நிஜமாகவே ஒருத்தி எழுந்து நிற்கிறாள். சிரிக்காதீர்கள். கிருஷ்ணப்பிரியாவும் நான் ஒரு காலி இடத்தை நிரப்பப் போட்ட பெயர்தான். அவளை நம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே.

5

திங்கட்கிழமை காலை. கிருஷ்ணப்பிரியா ஆட்டோ பிடித்து, அண்ணனூருக்கு முந்தின நிலையமான ஆவடிக்கே போய், லேடீஸ் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். பக்கத்தில் கைப்பையை வைத்து இன்னொரு இடத்தையும் காப்பாற்றினாள். பெட்டி பாதித் தூக்கத்தில் இருந்தது. ஈரத்தலை மல்லிகை வாசனை, யாரோ முணுமுணுக்கும் சுலோகம், ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் பனி. ரயில் பூமியில்தான் ஓடுகிறதா என்றே தெரியவில்லை.

ஆவடியிலேயே ஏறிய கூட்டம் அவளை மூடிக்கொண்டது. மூச்சு முட்டியது.

அண்ணனூர்.

பனிக்குள்ளிருந்து ஒரு குரல். "ரேவதி அக்கா! ரேவதி அக்கா கீறாங்களா?"

கிருஷ்ணப்பிரியா வாயைத் திறக்கிறாள். சத்தம் வரவில்லை. ஆனாலும் பக்கத்து இடத்தில் வைத்த கைப்பையை அவள் எடுக்கவில்லை.

நான் கத்திப் பார்த்தேன். எழுதுகிறவன் குரல் பிளாட்பாரம் வரை போகாது.

வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது நீங்கள். (ஆண் வாசகர்களுக்கு இன்று ஒரு நாள் மட்டும் அனுமதி.) சபீனா உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள், ஒரு கால் பின்னால் போகத் தயாராக இருக்கிறது. உள்ளே ஒரு இடம் இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியும்.

வண்டி இங்கே அதிக நேரம் நிற்காது.