சூப்பர்சார்ஜருக்கு ஊற்றிய ஆயில்

ஜேசன் ஆட்டோவிலிருந்து இறங்குவதை ஜெரூஷா ஒர்க்ஷாப்புக்குள் இருந்தபடியே பார்த்தாள். முதலில் வலது கால். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் பொருத்திய இடது கால். ஓடிப்போய்க் கைகொடுத்தால் தம்பிக்குப் பிடிக்காது. அதனால் சுத்தமாக இருந்த ஸ்பேனரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

வண்டலூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருந்தது அந்த ஒர்க்ஷாப். மறைமலை நகரில் பார்த்த இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு ஆறு வருடத்துக்கு முன் அதைத் தொடங்கினாள். பந்தயக் கார்களை அவள் தயார் செய்வாள், ஜேசன் ஓட்டுவான். போன செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து டிராக்கில் நடந்த விபத்தில் ஜேசனின் கால் போனதோடு அவன் ஓட்டுவது நின்றுபோயிருந்தது.

"ஆட்டோமேட்டிக் கார் ஒண்ணு பாத்திருக்கேன்க்கா. கிளட்ச் கிடையாது, வலது கால் போதும்," என்றான் ஜேசன் உட்கார்ந்ததும். "இதுக்கும் சூப்பர்சார்ஜர் போடணும். ரெண்டு யூனிட் பாத்து வச்சிருக்கேன். எதுன்னு நீதான் சொல்லணும்."

இரண்டு தாள்களை மேஜையில் விரித்தான். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணித்து அதன் சக்தியைக் கூட்டுவது சூப்பர்சார்ஜர். இன்ஜினின் பெல்ட்டிலிருந்தே சுற்றும். உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு நாற்பதாயிரம் சுற்றைத் தாண்டும். அந்த வேகத்தில் அதன் பேரிங்கைக் காப்பாற்றுவது ஆயில் மட்டும்தான். முதல் தாளில் இருந்த யூனிட்டுக்குச் சொந்தமாக ஆயில் அறை உண்டு, அதற்கென்றே உள்ள மெல்லிய ஆயிலை அளந்து ஊற்றி மூடிவிட வேண்டும். இரண்டாவதற்கு இன்ஜின் ஆயிலே குழாய் வழியாகப் போய், இன்ஜினுக்கு அடியில் உள்ள சம்ப் என்ற ஆயில் தொட்டிக்குத் திரும்பும்; அதற்குச் சம்ப்பில் துளை போட வேண்டும்.

"கூலிங்குக்குத் தண்ணிதான்," என்றாள் ஜெரூஷா. "அழுத்தின காத்து கொதிக்கும். முன்னாடி வெறும் காத்துல ஆறுற கூலர் வச்சா, வண்டி ஓடும்போது சரி. பெருங்களத்தூர் சிக்னல்ல பத்து நிமிஷம் நின்னா அதுவே அடுப்பாயிடும். தனி ரேடியேட்டர், தனி பம்ப்பு வச்சிடலாம்."

"சரி. ஆயில்? எனக்கு முதல் யூனிட்தான் தோணுது. சம்ப்புல ஓட்டை போட வேணாம்."

"ரெண்டாவது போடு."

"ஏன்?"

"எண்ணெய் ஓடுதா இல்லையான்னு மீட்டர்ல தெரியும். முதல்ல இருக்கறது மூடி வச்ச டப்பா. உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது."

"நம்ம பழைய யூனிட்டும் அந்த மாதிரிதானேக்கா? அதுல ஆயில் ஒண்ணும் தப்பா போகலையே. நம்ம ஃபிட்டர் பிரிட்டோ அண்ணன் பெல்ட்டை டைட்டா மாட்டுனதுதானே பிரச்சனை."

வெளியே ஒரு தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை ஜெரூஷா காத்திருந்தாள்.

"பெல்ட் இல்லடா," என்றாள். "நான் ஊத்துன ஆயில்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். யூனிட்டுக்கு உரிய ஆயில் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது, பார்சல் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பந்தயம். சனிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, ஷெல்ஃபில் இருந்த கியர் ஆயிலை அளந்து ஊற்றினாள். கெட்டியான ஆயில்தான், ஆனாலும் பந்தயத்தின் பன்னிரண்டு சுற்றுக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டாள். ஒன்பதாவது சுற்றில் அது சூடேறி நுரைத்து, பேரிங் இறுகிக்கொண்டது. நின்றுபோன சக்கரத்தோடு இழுபட்ட பெல்ட் அறுந்தது. ஸ்டியரிங்கை இலகுவாகத் திருப்ப உதவும் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான். வளைவின் நடுவில் ஜேசனின் கையில் ஸ்டியரிங் கல்லாகிப்போனது.

சுவரில் மோதியதில் யூனிட் உடைந்து ஆயில் முழுக்க வழிந்துவிட்டது. பார்க்க வந்தவர்களுக்குக் கிடைத்தது அறுந்த பெல்ட் மட்டும். "இறுக்கம் அதிகமா இருந்திருக்குமோ?" என்று பந்தயம் நடத்திய கிளப்பின் அதிகாரி சத்யநாராயணன் கேட்டபோது, "இருந்திருக்கலாம் சார்," என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தை அறிக்கையில் ஏறியது. பெல்ட் மாட்டிய ஃபிட்டர் பிரிட்டோ அடுத்த வாரமே வேலையை விட்டுப் போனார். அதன்பிறகு எந்தப் பந்தய டீமும் அவரைக் கூப்பிடவில்லை.

ஜேசன் தாள்களை மடித்தான். ஒருமுறை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில என் பக்கத்துல உக்காந்து அழுதியே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"பிரிட்டோ அண்ணன் பழம் வாங்கினு வந்து, என் முகத்தைப் பாக்க முடியாம வெளியவே நின்னுட்டுப் போனாரு. நான் உள்ள கூப்பிடல." அவன் எழுந்து நின்றான். "என்கிட்ட இப்ப எதுவும் பேசாத. முதல்ல அவர்கிட்ட போய்ச் சொல்லு."

மறுநாள் காலை ஜெரூஷா போனாள். பெருங்களத்தூரில் ஸ்கூல் வேன்களுக்கு சர்வீஸ் செய்யும் ஒரு ஷெட்டில் பிரிட்டோ இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், எட்டு மாதத்தில் தலை பாதி நரைத்திருந்தது.

"இன்னா மேடம், இந்தப் பக்கம்? ஜேசன் தம்பி எப்பிடி கீறாரு?"

அவள் நின்றபடியே சொன்னாள். சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். சொல்லி முடித்தபோது பிரிட்டோ வேனின் படியில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு பெல்ட்ட ரெண்டு வாட்டி விரல வச்சு அமுக்கிப் பாத்தேன் மேடம்," என்றார் மெதுவாக. "சரியாத்தான் இருந்துச்சு. அப்பால எல்லாரும் சொன்னதும், நாமதான் சரியா பாக்க மறந்துட்டோம்னு நெனச்சுகினேன். தூக்கத்துல கூட இந்த வெரலு எதையோ அமுக்கிகினே கீதுன்னு எங்க வூட்ல ரோஸி சொல்லுவா."

"மன்னிச்சிடுங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல அண்ணா."

"கேக்காதீங்க. இப்ப கேட்டா நான் இன்னா சொல்லுவேன்னு எனக்கே தெரில." கையைத் துணியில் துடைத்தார். "ஒண்ணு பண்ணுங்க. எங்க வூட்டுக்கு வந்து ரோஸிகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்புவா. ஆனா உங்க வாயால அவ கேக்கணும்."

அன்று சாயங்காலம் பொழிச்சலூரில் அவர்கள் வீட்டு முன்னறையில் ஜெரூஷா உட்கார்ந்தாள். தலைக்கு மேலே ஒரு விமானம் தாழப் போனது. அது போகும்வரை பேச முடியவில்லை. ரோஸி முழுவதையும் கேட்டாள். கடைசியில் தன் கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு புள்ளையோட காலை எடுத்துட்டியேன்னு நான் உன்னை ஒரு நாள் கேட்டுட்டேன்," என்றாள். "ஞாபகம் கீதா?"

"வுடு ரோஸி."

"எப்பிடி வுடறது?" அவள் அழுதாள். ஜெரூஷாவுக்குக் காபி வரவில்லை, போகச் சொல்லவும் இல்லை. சிறிது நேரம் இருந்துவிட்டு அவளே எழுந்து வந்தாள்.

அந்த வாரமே கிளப்புக்குக் கடிதம் எழுதினாள். எந்த ஆயில், எவ்வளவு, எந்த நாள், யார் ஊற்றியது என்று நான்கு வரியில் எழுதிக் கையெழுத்திட்டாள். சத்யநாராயணன் போனில் கூப்பிட்டு, "இதை அனுப்பணும்னு அவசியம் இல்லையேம்மா, கேஸ் முடிஞ்சு போச்சு," என்றார். "பிரிட்டோவுக்கு முடியல சார்," என்றாள். அறிக்கை திருத்தப்பட்டது. இரண்டு வருடத்துக்கு அவள் ஒர்க்ஷாப்பிலிருந்து எந்தக் காரும் டிராக்குக்கு வரக்கூடாது என்று கிளப் முடிவு செய்தது. இரண்டு வாடிக்கையாளர்கள் கார்களை எடுத்துக்கொண்டு போனார்கள். ஜூலையில் வேறொரு டீம் பிரிட்டோவை ஃபிட்டராகச் சேர்த்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டாள். அவர் அவளுக்குப் போன் செய்யவில்லை. அதை அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

ஜேசன் இரண்டு மாதத்துக்கு மேல் அவளோடு பேசாமல் இருந்தான். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டு, அம்மா வழியாக உப்பு கேட்டான். ஆகஸ்டில் ஒரு நாள் காலை, அவன் வாங்கிய ஆட்டோமேட்டிக் கார் ஒர்க்ஷாப் வாசலில் வந்து நின்றது. அவனே ஓட்டி வந்திருந்தான்.

"ரெண்டாவது யூனிட் போடலாம்," என்றான் கீழே பார்த்துக்கொண்டு. "டிராக் வேணாம். ரோட்டுல ஓட்டறேன். நீயே போடு."

"என்னை நம்பறியா?"

"தெரியலக்கா. ஆனா வேற யார்கிட்டயும் குடுக்கத் தோணல."

யூனிட் வந்து சேர்ந்து, வேலை முடிய ஒன்பது நாள் ஆனது. சம்ப்பைக் கழற்றித் துளையிட்டு, திரும்பும் குழாய் எங்கும் தேங்காமல் சரிவாக இறங்கும்படி பொருத்தினாள். தயாரித்தவர்கள் சொன்ன இன்ஜின் ஆயிலை, சொன்ன கிரேடில், ஜேசனின் கண்முன்னால் சீல் உடைத்து ஊற்றினாள். தண்ணீர் கூலருக்குத் தனி பம்ப்பு, ஆயில் சூட்டுக்கு ஒரு மீட்டர், பிரஷருக்கு ஒரு மீட்டர். வெயிலில் முக்கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு பேரும் மீட்டர் முட்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவை இருக்க வேண்டிய இடத்திலேயே நின்றன.

"ஏறு," என்றான் ஜேசன்.

கேளம்பாக்கம் ரோட்டில் கொஞ்சம் காலியான இடம் வந்ததும் அவன் மிதித்தான். கார் சீறிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. ஜெரூஷா மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கிலோமீட்டருக்கு அப்புறம் அவன் வேகத்தைக் குறைத்தான். முகம் வியர்த்திருந்தது.

"என்னடா?"

"கால் வலிக்குது. இல்லாத கால்தான். அப்பப்போ வரும்."

"ஓரமா நிறுத்தறியா?"

"வேணாம்," என்றான். கொஞ்ச தூரம் போனபிறகு, "கொஞ்சம் பேசிட்டே வா," என்றான்.

ஆயில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று சொன்னாள். பிறகு பிரஷரைச் சொன்னாள். அவன் தலையசைத்துக்கொண்டே ஓட்டினான்.