பதினேழு இனிஷியல்

தட்டச்சு செய்த தாளை மேசையின் குறுக்கே தள்ளிவைத்தான் பிஸ்கட் ஆலை அலுவலகத்துக் கிளைவ்.

"கீழ ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க, லோர்னா."

லோர்னா சக்டன் தலையிலிருந்த வலைத்தொப்பியைக் கழற்றாமலே படித்தாள். செவ்வாய்க்கிழமை பிஸ்கட் இயந்திரத்தில் சக தொழிலாளி வின்னி ஓல்ட்ராய்டின் இரண்டு விரல்கள் போனபோது பக்கத்தில் நின்றவள் அவள் ஒருத்திதான். நேற்று இதே அறையில் கண்டதை அப்படியே சொன்னாள். கிளைவ் குறித்துக்கொண்டான். இப்போது இரண்டு பத்தி படிப்பதற்குள் காது சுட்டது.

"இது யாரு சொன்னது?"

"நீங்கதான்."

"'இயக்கம் மீண்டும் துவங்கியதைத் தொடர்ந்து'ன்னு நான் ஜென்மத்துல சொன்னதில்ல. ஃபோர்மேன் கார்சைடு மிஷினோட பாதுகாப்பு மூடியக் கழட்டினாருன்னேன். மிஷின ஆன் பண்ணினாருன்னேன். அவரு எங்க இதுல?"

"அறிக்கைக்குன்னு ஒரு இங்கிலீஷ் இருக்கு. 'ஸ்விட்ச் ஆன்', 'டேக் ஆஃப்', 'கெட் அப்'னு பின்னால வால் வச்ச வார்த்தையெல்லாம் வாய்ப்பேச்சுக்குத்தான். எழுத்துல வந்தா யாரும் மதிக்க மாட்டாங்க. அர்த்தம் அதேதானே."

பதினோரு வயதில் ஆசிரியை அவள் கட்டுரையில் அந்த வார்த்தைகளையெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். அன்றிலிருந்து பிறந்தநாள் வாழ்த்தட்டைக்கு மேல் எதுவும் எழுத லோர்னாவுக்குத் துணிவில்லை. ஆனால் காலையில் எழுவது, கெட்டிலை ஏற்றுவது, பிள்ளைகளை விரட்டுவது, கார்சைடைப் பொறுத்துக்கொள்வது எல்லாம் அந்த வால் வைத்த வார்த்தைகளில்தான் நடந்தன.

"அதேதானா? கடைசி வரியப் படி."

கிளைவ் தாளைப் பார்க்காமலே சொன்னான். "'திருமதி ஓல்ட்ராய்டு கவனமின்றிக் கையை உட்செலுத்தியதன் விளைவாக...'"

"தட்டு சிக்கிச்சு. வெளிய எடுன்னு கார்சைடு சொன்னாரு. எடுக்கறதுக்குள்ள அவரே ஆன் பண்ணிட்டாரு. இதுல நான் கையெழுத்துப் போட்டா வின்னி வேலைக்குத் திரும்பி வர வேணாம், ஆஸ்பத்திரியிலேருந்து நேரா வீட்டுக்கே போயிடலாம். அவ தப்புன்னு முடிச்சிடுவீங்க."

"நான் மொழியத்தான் சரி பண்ணினேன்."

"கிளைவ் கண்ணு, உங்கம்மா பதினாறு வருஷம் என் பக்கத்துல நின்னு பிஸ்கட் பொறுக்கினா. இந்த வால் வச்ச பேச்சுலதான் உன்னை வளர்த்தா. அவகிட்டப் போய்ச் சொல்லு, அர்த்தம் அதேதான்னு."

கிளைவின் கழுத்து சிவந்தது. "அம்மாவ இழுக்காதீங்க. பதினொரு மணிக்கு ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வராரு, புதுசா டைப் அடிக்க நேரமில்ல. ஒண்ணு ரெண்டு மாத்தணும்னா கோடு போட்டு அடிச்சிட்டு மேல எழுதுங்க. அடிச்ச இடத்துக்கெல்லாம் ஓரத்துல இனிஷியல் போடணும். அதான் விதி."

லோர்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

முதல் கோட்டிலேயே தாள் லேசாகக் கிழிந்தது. ஒரு வார்த்தையை அடித்தாள், தன் வார்த்தையை மேலே எழுதினாள், ஓரத்தில் எல்.எஸ். என்று போட்டாள். அடுத்தது. இரண்டு இடங்களில் எழுத்துக்கூட்டல் சந்தேகமாக இருந்தது. சந்தேகத்தோடே எழுதினாள். கார்சைடு கழட்டினார். கார்சைடு எடுக்கச் சொன்னார். கார்சைடு ஆன் பண்ணினார்.

"போதும், தாளே பாழாப் போச்சு," என்றான் கிளைவ்.

"விதி நீ சொன்னதுதானே."

பக்கம் முடிந்தபோது பதினேழு எல்.எஸ். இருந்தன. கீழே முழுப் பெயரை எழுதினாள். கிளைவ் கை நீட்டினான்.

"குடுங்க, இன்ஸ்பெக்டரக் காத்திருக்கச் சொல்லிட்டு மத்தியானத்துக்குள்ள சுத்தமா டைப் அடிச்சுக் குடுத்துடறேன்."

அவள் உள்ளங்கையைத் தாளின்மேல் வைத்துக்கொண்டாள். "சுத்தம் பண்ணினது போதும்."

கதவு தட்டப்பட்டது. உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. லோர்னா தாளை அவர் கையிலேயே கொடுத்தாள். கிறுக்கலைக் கண்டு அவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு மெதுவாக வாசித்தார், இரண்டு முறை.

"யாரு இந்தக் கார்சைடு?"

கிளைவ் ஜன்னலைப் பார்த்தான். லோர்னா வலைத்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"கூப்பிடு கண்ணு," என்றாள். "ஐயா கேக்கறாருல்ல."