பதினேழு வரிசைச் செதில்

1979 புரட்டாசியில் வேப்பந்தட்டைக்கு மேற்கே ஐந்து ஆண்களின் முதுகில் பாம்புச் செதில் முளைத்தது. அந்த வருஷம் மழை தாமதம். கடலை சுமாரான விளைச்சல். எட்டு நாள் முன்புதான் அந்த ஐவரும் செல்லக்கண்ணு என்ற பண்ணையாளைக் களத்தில் வைத்து மண்வெட்டிப் பிடியால் அடித்துக் கொன்றிருந்தார்கள். பண்ணைக்காரர் ராசாங்கத்தின் பம்புசெட்டுத் தொட்டியில் அவன் குளித்துவிட்டான் என்பதுதான் காரணம். முதல் அடி ராசாங்கத்தினுடையது. விலா எலும்பு முறியும் சத்தம் பக்கத்துக் கொல்லையில் களையெடுத்தவர்களுக்குக் கேட்டது. அந்த நேரம் பச்சைமலையிலிருந்து வந்திருந்த விறகுக் கட்டிலிருந்து ஒரு பழுப்புப் பாம்பு வெளியே வந்தது. அதையும் அதே பிடிகளால் அடித்துப் பிணத்தின்மேல் போட்டு, பாம்பு கடித்துச் செத்தான் என்றார்கள். பொழுது சாய்வதற்குள் பிணத்தை எரித்தும்விட்டார்கள்.

செல்லக்கண்ணுவின் மனைவி மலர்க்கொடி, எரிப்பதற்கு முன் பிணத்தின்மேலிருந்து எடுத்து ஒளித்துவைத்த பாம்பைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு அரியலூருக்கு பஸ் ஏறினாள். அங்கே கல்லூரியில் விலங்கியல் நடத்திய அருளானந்தம், பாம்புகளை இனம் பிரிப்பதில் பெயரெடுத்தவர். ஊசியால் அதன் வாயைத் திறந்து பார்த்தார். நடு உடம்பில் செதில் வரிசைகளை எண்ணினார். பதினேழு. மூன்று புத்தகங்களைப் புரட்டியும் அப்படியொரு பாம்பு இல்லை.

“இதுக்கு விஷப்பல்லே கிடையாதும்மா. புதுசு. இன்னும் யாரும் பேரே வைக்கல.”

“பேர அப்புறம் வைங்க சார். இது கடிச்சு அவரு சாவலன்னு எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தார்.

செதில் முளைத்ததும் ஐவரில் ஒருவனான வைரக்கண்ணு பயந்துபோய் அதே அருளானந்தத்திடம் வந்து சட்டையைக் கழற்றினான். அவர் அதே ஊசியால் எண்ணினார், பதினேழு. அதே இனம்தான் என்று அதையும் எழுதி வைத்தார். வைரக்கண்ணு வீட்டுக்குப் போய்த் தேங்காய்த் துருவியால் தன் முதுகைச் சுரண்டச் சொல்லி மனைவியை அடித்தான். அவள் மறுக்கவே, துருவியைச் சுவரில் பதித்துத் தானே தேய்த்துக்கொண்டான். ரத்தம் நிற்கவில்லை. மூன்றாம் நாள், அடித்தவர்கள் பெயரையெல்லாம் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிட்டுச் செத்தான். பாடையில் வைத்தபோது செதில் முழுதாக வளர்ந்திருந்தது.

ராசாங்கம் அரியலூர் வந்து, அருளானந்தத்தின் வலது கையை மேசைமேல் அழுத்திப் பிடித்து, இரும்புக் கம்பியால் கட்டைவிரல் தவிர நான்கு விரல்களையும் உடைத்தார்.

“இனிமே எண்ணுவியாடா?”

அருளானந்தம் இடது கையால் எண்ணப் பழகினார். 1981இல் அந்தக் கையாலேயே கோர்ட்டில் நால்வரின் முதுகையும் எண்ணிக் காட்டினார். செதில் சாட்சியாகாது என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். நீதிபதியும் அதை ஒத்துக்கொண்டு, விஷப்பல் இல்லை என்பதையும் வைரக்கண்ணுவின் வாக்குமூலத்தையும் மட்டும் வைத்து நால்வருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தார். ஜெயிலில் அவர்கள் ஆவணிக்கு ஆவணி சட்டை உரித்தார்கள். வார்டர் அதைக் கூட்டி அள்ளினார்.

பாம்புக்குச் செல்லக்கண்ணுவின் பெயரை வைக்கலாமா என்று அருளானந்தம் மலர்க்கொடியைக் கேட்டார்.

“வேணாம் சார். அவர அடிச்சவனுவ முதுவுல மொளச்சதுக்கு அவரு பேரா?”

எனவே மலையின் பெயரையே வைத்தார். 1984இல் கட்டுரை அச்சாகி வந்தது. காணப்படும் இடங்கள் என்ற வரியில் ‘பச்சைமலை அடிவாரக் காடு, திருச்சி ஜெயில்’ என்றிருந்தது. யாரும் திருத்தம் கேட்கவில்லை.