மூன்றாவது நடைமேடையில் மழை

அந்த ரயில் நிலையத்தில் அவளை எல்லோரும் 'குரல்' என்றுதான் சொல்வார்கள். முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. மாடியில், நடைமேடைகளைப் பார்த்தபடி நீளமான கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. அதில் உட்கார்ந்து எந்த வண்டி எங்கே வருகிறது, எது தாமதம், எது புறப்படத் தயார் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. பல வருடங்களாகச் சொல்லி வருகிறாள். ஒரு வண்டியைக்கூட மாற்றிச் சொன்னதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கீழ்த்தளத்தில், பயணிகள் விட்டுவிட்டுப் போகும் பொருட்களைப் பாதுகாக்கும் அறையில் அவளுடைய நாத்தனார் வேலை பார்த்தாள். கணவரின் தங்கை. இவர்கள் குடியிருந்த வீட்டின் மாடியிலேயே நாத்தனாரும் இருந்தாள். தொலைந்துபோகிற பொருட்களில் குடைதான் அதிகம் என்பதால் ஊழியர்கள் அவளைக் 'குடைக்காரி' என்பார்கள். அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

இரண்டு பேருக்கும் சர்க்கரை. நாத்தனாருக்கு முதலில் வந்தது, இவளுக்கு அப்புறம். காலையில் விரலில் குத்தி மெஷினில் பார்த்ததும் படிக்கட்டில் விசாரணை தொடங்கும்.

"அண்ணி, இன்னைக்கு எவ்ளோ?"

"நூத்தித் தொண்ணூறு. உனக்கு?"

"நூத்தி முப்பதுதான்." சொல்லிவிட்டு நாத்தனார் ஒன்றும் தெரியாதவள்போல் செருப்பை மாட்டிக்கொள்வாள். வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையின் முகம் அது.

அந்த முகம்தான் அவளை உசுப்பிவிட்டது. சாப்பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். கொஞ்சம் என்பது அவள் சுபாவத்திலேயே இல்லை. சோற்றை நிறுத்தினாள். ரொட்டி, உருளைக்கிழங்கு, பிஸ்கட், டீயில் போடும் சர்க்கரை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் விடை கொடுத்தாள். தட்டில் வேகவைத்த காய், முட்டை, ஒரு கைப்பிடி கடலை. மாலையில் வேகநடை. கணவர், நிலையத்துக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாத மனிதர், எதிரே உட்கார்ந்து தன் சோற்றைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

"ஏங்க, மறைக்காதீங்க. எனக்கு அதுமேல ஆசையே போயிடுச்சு."

"ஆசை போனவங்க இப்படித் தட்டைப் பார்க்க மாட்டாங்க," என்றார் அவர்.

எண்கள் இறங்கின. நூற்று ஐம்பது, நூற்றுப் பத்து, பிறகு தொண்ணூறுகள். படிக்கட்டில் நாத்தனாரின் முகம் மாறியது. "அண்ணி, எங்க தெய்வமே, எப்படி?" என்று கேட்கும் நிலைக்கு வந்தாள். இவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. ஆனால் பழைய மாத்திரைகளை மட்டும் பழையபடியே போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரை அடுத்து பார்க்க வேண்டிய நாள் தள்ளி இருந்தது. நன்றாகத்தானே போகிறது, எதற்காக முன்கூட்டியே போய் நிற்பது என்று விட்டுவிட்டாள்.

அந்த நாட்களில்தான் முற்பகல்கள் மாறத் தொடங்கின.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அது வரும். முதலில் விரல் நுனிகளில் மெல்லிய நடுக்கம், வெயிலில் நீர் நடுங்குவதுபோல். பிறகு கண்ணாடிக்கு அப்பால் நிலையம் முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியதாகத் தோன்றும். வண்டிகள் சத்தமில்லாமல், பெரிய மீன்களைப்போல வந்து நிற்கும். கதவுகள் திறக்க, நிறங்கள் வழிந்து இறங்கும். ஒரு பெண்ணின் சிவப்புப் பை, ஒரு குழந்தையின் மஞ்சள் தொப்பி, யாரோ ஒருவர் தோளில் சுமந்துபோகும் சுருட்டிய பாய். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒளிர்ந்தபடி, நிதானமாக மிதந்து போகும். அவளுக்கு யார்மேலும் மனத்தாங்கல் இல்லை. முதுகு வலியும் இல்லை. தன் குரல் ஒலிபெருக்கியில் போய்த் திரும்பிவரும்போது, எங்கோ தொலைவில் தன்னையே யாரோ செல்லமாகக் கூப்பிடுவதுபோல் இருக்கும்.

உடம்பு சரியாகிவிட்டால் மனிதர்களுக்கு இப்படித்தான் இருக்கும்போல என்று அவள் நினைத்தாள். இத்தனை வருடம் இதை இழந்துவிட்டோமே என்றுகூட வருந்தினாள். சாப்பிட்டதும் அந்த உலகம் வடிந்துவிடும். அதனால் சில நாள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் கொஞ்சம் தள்ளிப்போட்டாள்.

ஒரு காலை மெஷின் அறுபத்து நான்கு காட்டியது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலில் குத்திப் பார்த்தாள். அறுபத்தாறு. மெஷின் பொய் சொல்லவில்லை. அவளுக்குச் சந்தோஷம் வந்தது. கூடவே, இதை யாரிடமும் சொல்லாதே என்று ஒரு எண்ணமும் வந்தது. சொன்னால் நாத்தனார் விடமாட்டாள், டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். டாக்டர் மறுபடியும் ரொட்டியைத் தின்னச் சொல்வார். முற்பகல்கள் போய்விடும்.

"இன்னைக்கு எவ்ளோ, அண்ணி?"

"தொண்ணூத்தி ரெண்டு."

பொய் அவ்வளவு இலகுவாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

சில நாட்களுக்குப் பிறகு, நல்ல வெயிலடித்த ஒரு முற்பகலில், அது மற்ற நாட்களைவிட ஆழமாக வந்தது. வேலை நெருக்கடியில் காலைச் சாப்பாடு பாதியில் நின்றிருந்தது. மாத்திரை மட்டும் தவறவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து மேசையில் சொட்டியதை அவள் ஆர்வத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி அடித்தது. தெற்கே போகும் வண்டி இரண்டாவது நடைமேடைக்குப் பதில் ஐந்தாவதற்கு வருகிறது, உடனே சொல்லுங்கள் என்றார் நிலைய அதிகாரி. சரி என்றாள். மைக்கின் விசையைத் தள்ளினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. என்ன அழகான சிவப்பு.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்று அவள் எப்போதும்போலத் தொடங்கினாள். "மூன்றாவது நடைமேடைக்கு மழை வந்துகொண்டிருக்கிறது. மழையில் பயணம் செய்பவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை. எல்லோரும் உட்காருங்கள். நீங்கள் போக வேண்டிய ஊர் உங்களைத் தேடி வந்துகொண்டிருக்கிறது."

குரலில் ஒரு பிசிறு இல்லை. அதனால்தான் கீழே இருந்தவர்கள் குழம்பினார்கள். சிலர் வானத்தைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். மூன்றாவது நடைமேடையில் ஒருவர் கூரைக்கு அடியிலேயே குடையை விரித்தார். களைத்திருந்த சிலர், சொன்னது யாராக இருந்தாலென்ன என்று உண்மையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இதற்குள் தெற்கே போகும் வண்டி ஐந்தாவதில் வந்து நின்றது. இரண்டாவதில் காத்திருந்த கூட்டம் மேம்பாலத்தில் மூட்டை முடிச்சுகளோடு ஓடியது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் வண்டியைத் தவறவிட்டவர்கள் பலர்.

நாத்தனார் அப்போது ஒரு ஒற்றைக் காலணிக்குச் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். 'மழை' என்ற சொல் காதில் விழுந்ததும் கை நின்றது. அவளுக்கும் ஒருமுறை சர்க்கரை இப்படி இறங்கியிருக்கிறது. அன்று கடைத்தெருவில் நின்று, முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று சண்டை போட்டவள் அவள். சுற்றிலும் பார்த்தாள். அலமாரியில், காலை வண்டியில் யாரோ மறந்துவிட்டுப் போன திராட்சை ஜூஸ் பாட்டில், மூடி திறக்காமல் இருந்தது. அதையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு படியேறி ஓடினாள்.

அறையில் அண்ணி மேசையில் கன்னத்தை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"அண்ணி. என்னைப் பாருங்க."

"நீ ஏன் தண்ணிக்குள்ள நிக்கிற?"

"அப்புறம் சொல்றேன். இதைக் குடிங்க."

"ஜூஸா? அதுல சர்க்கரை இருக்கு. மாட்டேன்."

"சர்க்கரை இருக்குன்னுதான் குடிக்கச் சொல்றேன். வாயைத் திறங்க."

"உனக்குப் பொறாமை. எனக்கு அறுபத்தி நாலு வந்துச்சு தெரியுமா? உனக்கு ஜென்மத்துக்கும் வராது."

"அறுபத்தி நாலா? தொண்ணூத்தி ரெண்டுன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

"அடிப்பாவி அண்ணி. பொறாமைதான், ஒத்துக்கறேன். நீங்கதான் ஜெயிச்சீங்க. ஜெயிச்சவங்களுக்குப் பரிசு இது. குடிங்க. நீங்க போயிட்டா நான் காலையில யார்கிட்ட போட்டி போடுவேன்?"

நாத்தனாரின் குரல் அந்த இடத்தில் உடைந்தது. அதைக் கேட்டோ என்னவோ, அண்ணி வாயைத் திறந்தாள். மடக் மடக்கென்று குடித்தாள். பாதி தாடையில் வழிந்தது. அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே வந்த நிலைய அதிகாரி கையை நீட்டி மைக்கை அணைத்தார். சிவப்பு விளக்கு அதுவரை எரிந்துகொண்டுதான் இருந்தது. அறுபத்து நான்கு, தொண்ணூற்றிரண்டு, பொறாமை, மடக் மடக் எல்லாவற்றையும் மொத்த நிலையமும் கேட்டிருந்தது.

நாத்தனார் தன் கைப்பையிலிருந்த மெஷினில் பார்த்தபோது நாற்பத்தொன்பது. சிறிது நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது எழுபதைத் தாண்டியிருந்தது. உலகம் ஓரங்களோடு திரும்பி வந்தது. மேசையின் கூர்மை, விசிறியின் கிறீச், ஈரத் துணியின் குளிர், பிறகு வெட்கம். அது கடைசியாக வந்தாலும் முழுசாக வந்தது.

"நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா மாலைவரை அவளை விடவில்லை. மாத்திரையின் வேகம் அடங்கும்வரை சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று விளக்கினார்.

"நீங்க சாப்பாட்டைக் குறைச்சது தப்பே இல்லம்மா. ரொம்ப நல்லாவே பண்ணியிருக்கீங்க. அதை என்கிட்ட சொல்லாததுதான் தப்பு. மாத்திரை உங்க பழைய சாப்பாட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. அதுக்கு நீங்க மாறினது தெரியாது. அது பாட்டுக்கு இறக்கிக்கிட்டே இருக்கும்."

அவள் போர்வையின் ஓரத்தைச் சுருட்டினாள். "நல்லா இருந்துச்சு டாக்டர். அந்த நேரம். எல்லாமே மிதக்கற மாதிரி. நான் அதை வியாதின்னு நினைக்கலை."

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சிலருக்குப் படபடப்பு வரும், சிலருக்குக் கோபம் வரும். உங்களுக்கு இப்படி வந்திருக்கு. மூளைக்குச் சாப்பாடு பத்தலைன்னு அர்த்தம். இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா மிதக்க மாட்டீங்க, மூழ்கிடுவீங்க."

ஒரு மாத்திரையை அடியோடு நிறுத்தினார். இன்னொன்று போதும் என்றார். எழுபதுக்குக் கீழே போனால் என்ன செய்வது என்று நாத்தனாரையும் உட்காரவைத்துச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தைத் தள்ளக்கூடாது என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

கணவர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். நர்ஸ் கொண்டுவந்து வைத்த ரொட்டியை அவள் பிட்டு வாயில் போட்டபோது, அவர் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கயும் பார்க்கலாம்," என்றாள்.

அவர் திரும்பினார். "கடையில ஒருத்தர் புதுக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. மழைன்னு நீ சொன்னதும் வாசலுக்குப் போயிட்டாரு. நான்..." என்று நிறுத்தினார். அவள் ரொட்டியில் பாதியை நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.

வேலைக்குத் திரும்பியபோது நிலைய அதிகாரி கடுமையாகத்தான் பேசினார். வண்டியைத் தவறவிட்டவர்கள் திட்டியதை எல்லாம் தான் ஒருவரே வாங்கிக்கொண்டதாகச் சொன்னார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். கடைசியில் அவர், மதிய வேளையில் மாற்று ஆள் போட்டிருப்பதாகவும், அவள் மேசையை விட்டு எழுந்து போய்ச் சாப்பிட்டே ஆகவேண்டும் என்றும் உத்தரவு போட்டார். ஜூஸ் பாட்டிலைத் தேடி ஒரு பெரியவர் வந்து கீழே காத்திருந்த விஷயமும், நாத்தனார் தன் கைக்காசில் புதிது வாங்கிக் கொடுத்து, "உள்ளே இருந்தப்ப நிறம் கொஞ்சம் மாறிடுச்சு" என்று சமாளித்த விஷயமும் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மாத்திரை குறைந்தபின் எண்கள் நூற்றுக்கும் நூற்று முப்பதுக்கும் நடுவில் நின்றன. முற்பகல்கள் வெறும் முற்பகல்களாக நடந்து போயின. ஆனால் அவளுக்கு ஒரு புதுச் சிக்கல் வந்தது. மனசு கொஞ்சம் லேசானாலே பயமாக இருந்தது. கைப்பையிலிருந்து மெஷினை எடுத்து விரலில் குத்திக்கொள்வாள்.

ஒருநாள் அறையில் வெளிச்சம் மாறியது. எதிரே நின்ற வண்டியின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. நடைமேடையில் நடந்தவர்கள் பொன்னிறத்தில் அசைந்தார்கள். ஒரு தாய் கீழே குனிந்து பிள்ளையின் செருப்பு வாரை மாட்டிவிடுவதை அவளால் கண்ணெடுக்காமல் பார்க்க முடிந்தது. நெஞ்சு நிறைந்தது. உடனே குத்திப் பார்த்தாள்.

நூற்றுப் பதினெட்டு.

இன்னொரு விரலிலும் பார்த்தாள். நூற்றுப் பதினாறு. கையில் நடுக்கம் இல்லை, வேர்வை இல்லை. யாரோ வெளிப்பக்கக் கண்ணாடியைத் துடைத்திருந்தார்கள். வெறும் வெயில்தான். அவள் மெஷினை மூடி வைத்துவிட்டு, மாற்று ஆள் வரும்வரை கன்னத்தில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.