புரிஞ்சுது மேடம்

1

எங்கள் வீட்டில் விமானத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆள் நான்தான். இந்தக் கதை எனக்குக் கிடைக்க அது ஒன்றே காரணம். விமானிகளாகப் போகிறவர்களுக்குத் தரையில் வகுப்பெடுக்கும் பயிற்றுநர் தேர்வுக்கு அக்கா படித்துக்கொண்டிருந்தாள். பாடம் நடத்திப் பழக ஒரு மாணவி வேண்டுமென்று என்னைப் பிடித்துச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தாள்.

2

முதல் வரி: நீல வானத்தைக் கிழித்துக்கொண்டு அந்த விமானம்—

(வேண்டாம். இந்தக் கதையில் எதுவும் பறக்காது. அக்காவே விமானம் ஓட்டியதில்லை. அவள் தேர்வுக்கு அது கட்டாயமும் இல்லை. ஒரு வெள்ளைப் பலகை, இரண்டு நாற்காலி. அதை வைத்தே உங்களை அசையாமல் உட்கார வைக்கிறேன், பாருங்கள்.)

3

கதையில் தேர்வாளருக்கு முரட்டு மீசை வைத்திருந்தேன். அக்கா படித்துவிட்டு முறைத்தாள்.

"அவர் நல்ல மனுஷன்டி. போன தடவை ஃபெயில் பண்ணிட்டு டீ வாங்கிக் குடுத்தார்."

மீசையை எடுத்துவிட்டேன். அக்கா இந்தத் தேர்வுக்குப் போவது இது இரண்டாவது முறை. பயிற்சிப் பள்ளி அவளுக்கென்று ஒரு வேலையை நிறுத்தி வைத்திருக்கிறது. இன்றும் கோட்டை விட்டால் அது வேறு ஆளுக்கு, இவளுக்கு மறுபடி பழைய டிக்கெட் கவுண்டர் வேலை. அவள் நிதானமாகத் தலை வாரிக்கொண்டு கிளம்பினாள்.

4

இப்போது அக்கா உள்ளே. நான் வெளியே பெஞ்சில். கதவு சரியாகச் சாத்தவில்லை; எழுதுகிறவளுக்கு அது போதும். தேர்வாளர் மாணவராக நடிக்கிறார்.

"மேடம், ஸ்டால்னா எஞ்சின் நின்னு போறதுதானே?"

"இல்லீங்க, எஞ்சின் நல்லாவே ஓடும்." உள்ளங்கையை இறக்கையாக நீட்டினாள். "எதிர்ல காத்து வருது. இறக்கை அதைச் சந்திக்கிற கோணம் அளவு மீறினா, மேல ஒட்டி ஓடற காத்து பிச்சுக்கிட்டுப் போயிடும். தூக்கற சக்தி குறைஞ்சிடும். அதான் ஸ்டால்."

"புரிஞ்சுது மேடம்."

(போன முறை இதை நம்பித்தான் அடுத்த பாடத்துக்குத் தாவினாள். பாடத்திலிருந்து தப்பித்து ஓட மாணவர்கள் சொல்கிற வார்த்தை அது. நானே தினமும் சொன்னேன்.)

"சந்தோஷம். இப்ப நீங்க எனக்குச் சொல்லிக் குடுங்க."

அவரும் கையை நீட்டினார். "விமானத்தோட மூக்கு வானத்தைப் பாத்தா ஸ்டால். கீழ பாத்தா பயமே இல்ல."

"மூக்கை விடுங்க. காத்து எங்கேர்ந்து வருது?"

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா பதிலை எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்கிறாள்.

5

முடிவு அ: தேர்வாளர் எழுந்து கைகுலுக்கி— (சினிமாத்தனம்.)

முடிவு ஆ: பேருந்து நிறுத்தத்தில் அக்கா என் பக்கம் திரும்பாமல்— (எழுத மனசு வரவில்லை. என் அக்கா அவள்.)

நீங்களே முடியுங்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, கையை நீட்டி, ஸ்டாலை விளக்குங்கள். 'புரிஞ்சுது' என்றால் விடாதீர்கள், திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூக்கு கீழே பார்த்தாலும் ஸ்டால் ஆகலாம் என்று அவராகவே கண்டுபிடித்தால் அக்கா பாஸ். திருதிருவென்று விழித்தால் பதிலை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அக்கா பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.