பூட்ஸுக்குள் வைக்க ஒரு கத்தி

கத்தி கேட்டு வந்தவனைக் கடைக்காரம்மாவுக்குப் பார்த்தவுடனேயே பிடிக்கவில்லை.

"மடக்காத கத்தி வேணும்மா. பூட்ஸுக்குள்ள செருகிக்கிற மாதிரி. விலை கம்மியா."

காய்கறி நறுக்கவா ஒருத்தன் காலில் கத்தி வைப்பான்? போன வருடம் இதே கடையில் விற்ற கத்தியால்தான் எவனோ ஒருவன் இன்னொருவனைக் குத்திச் சாய்த்தான். விற்ற பாவத்துக்கு அவள் மூன்று நாள் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செத்தவனின் மனைவி அங்கே வந்து பார்த்த பார்வை இன்னும் அவளை விடவில்லை. இனி தன் கையால் ஓர் உயிர் போகக் கூடாது, அவ்வளவுதான்.

"எதுக்குப்பா?"

"அதையெல்லாம் கேக்காதீங்கம்மா. சொல்லக் கூடாது."

சொல்லக் கூடாதாம். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

நான்கைந்தை எடுத்துப் பரப்பினாள். அவன் ஒவ்வொன்றையும் உறையோடு பூட்ஸுக்குள் செருகிப் பார்த்தான். ஈரக் கையில் வழுக்குமா என்றான். இடது கையால் உருவ வருமா என்றான். அதோடு விட்டானா? கடைத் தரையில் மல்லாக்கப் படுத்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சரக்கென்று உருவினான். திரும்பத் திரும்ப உருவினான். கீழே தள்ளி மிதித்தாலும் விடாமல் குத்துவதற்கு ஒத்திகை பார்க்கிறான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

இல்லை என்று விரட்டலாம்தான். விரட்டினால் எதிர்க்கடையில் நல்லதாக ஒன்று வாங்கிவிடுவான். அதற்கு அவள் ஒரு வருடமாக ஒரு வழி வைத்திருந்தாள், வீட்டுக்காரருக்கும் சொல்லாத வழி. சந்தேகப்படும்படி வருகிறவனுக்கெல்லாம் மஞ்சள் கைப்பிடிக் கத்தி. நல்ல கத்தியில் தகடு கைப்பிடியின் அடிவரை ஓடும். இதில் ஒரு விரல் அகலம்தான் உள்ளே போயிருக்கும், மீதியெல்லாம் பசை. பார்க்க ஜம்மென்று இருக்கும், ஓங்கி அழுத்தினால் ஒடிந்துவிடும். இப்படிப்பட்டவர்கள் மாதம் நான்கைந்து பேர் வந்தார்கள். ஊர் கெட்டுக் கிடக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

"இதை எடுத்துக்கோப்பா. விலையும் கம்மி, கையிலயும் நல்லா நிக்கும்."

அவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனான்.

துறைமுகத்துக்கு ஐஸ் லாரி ஓட்டும் வீட்டுக்காரர் மத்தியானம் சாப்பிட வந்தார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் கை தட்டிலேயே நின்றது.

"தரையில படுத்தா பார்த்தான்?"

"ஆமா. ரவுடிப் பய."

"அடிப்பாவி. அவன் மீன்பிடி படகுக்காரன்டி. வலையை இறக்குறப்ப கயிறு காலைச் சுத்திச்சுன்னா ஆளையே கடலுக்குள்ள இழுத்துட்டுப் போயிடும். மல்லாக்க விழுந்தபடியே அந்தக் கயித்தை அறுக்கத்தான் கத்தி. அதை வாயால சொன்னா அப்படியே நடந்துடும்னு அவங்களுக்குப் பயம்."

அவள் எழுந்து கடைக்குள் ஓடினாள். இருந்ததிலேயே நல்ல கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினாள்.

படகு கிளம்பத் தயாராக இருந்தது. கரையிலிருந்தே கத்தியை நீட்டினாள். "இதை வச்சுக்கோப்பா. காசு வேணாம்."

இப்போது அவனுக்குச் சந்தேகம் வந்தது. "சும்மா எதுக்கும்மா தர்றீங்க? திருட்டுச் சரக்கா?"

மழுப்ப அவளுக்கு வாய் வரவில்லை. "நீ யாரையோ குத்தப் போறேன்னு நெனச்சேன். வேணும்னேதான் ஒடையற கத்தியா கொடுத்தேன்."

அவன் மஞ்சள் கத்தியை உருவிப் படகின் விளிம்பில் வைத்து அழுத்தினான். டக்கென்று ஒடிந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையில் மிஞ்சிய கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னாலிருந்த பெரியவர் குனிந்து தன் பூட்ஸிலிருந்து ஒன்றை உருவினார். மஞ்சள். பக்கத்தில் நின்றவனும் உருவினான்.

"உங்க கடையிலதாம்மா வாங்கினோம்," என்றார் பெரியவர். "விலை கம்மின்னு இங்க நெறைய பேர் அங்கதான் வர்றாங்க."

படகுக் கயிறு கட்டியிருந்த குட்டைத் தூணின் மேல் அவள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னங்க, கடையில இருக்குற நல்ல கத்தியையெல்லாம் அள்ளிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்தக் கயித்தை யாரும் அவுக்க முடியாது."

லாரி போனது. கரையோரம் இந்த ஒரு படகைத் தவிர மற்ற இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. மற்றவர்கள் காலையிலேயே போய்விட்டார்கள். இந்த ஒரு வருடத்தில் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்களா என்று பெரியவரைக் கேட்க வாயெடுத்தாள். பயத்தில் கேட்காமலே இருந்துவிட்டாள்.