தட்டில் நடக்கும் செல்கள்

அக்காவை எரித்துவிட்டு வந்த வாரத்திலேயே சின்னவள் ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டாள். "கல்நெஞ்சுக்காரி" என்று உறவில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளுக்குள் எல்லாமே மரத்துக் கிடந்தது.

போகாமலும் முடியாது. அங்கே அக்காவின் செல்கள் கண்ணாடித் தட்டுகளில் உயிரோடு இருந்தன.

மூளையில் நரம்புகளுக்குத் துணையாக நின்று, ஊட்டி, குப்பை அள்ளி, காயம் பட்டால் ஓடிப்போய் அடைக்கிற செல்கள் உண்டு. அந்தக் கூட்டத்திலிருந்துதான் அக்காவுக்குக் கட்டி கிளம்பியது. வேலியே பயிரை மேய்ந்த கதை. அறுவையில் எடுத்த துண்டில் கொஞ்சத்தை ஆய்வுக்குத் தரச் சம்மதித்தவள் அக்காதான். "இந்த மூளைய வச்சு நான் ஒரு பரீட்சைகூட உருப்படியா பாஸ் பண்ணல. நீயாச்சும் பேர் வாங்கிக்கோடி" என்று மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தாள். அந்தத் தட்டுகளை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று ஆய்வகப் பேராசிரியர் சொல்லிப் பார்த்தார். "நானே பாத்துக்கறேன் சார்" என்றுவிட்டாள் சின்னவள்.

ஒரு மதியம் அத்தான், அக்காவின் கணவர், ஆய்வகத்து வாசலில் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம்.

"பாக்கலாமா?"

வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டு அவரை நுண்ணோக்கித் திரைமுன் உட்கார வைத்து, இரவெல்லாம் பிடித்த படத்தை வேகமாக ஓட்டினாள். செல்கள் காலை நீட்டுவதும் உடம்பை இழுத்துக்கொண்டு நகர்வதுமாக இருந்தன.

"இதுவா அவ?"

"அவ இல்ல அத்தான். அவளத் தின்னது."

வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு வழி எப்படித் தெரியுது?"

"செல்லோட மேல்பக்கம் கை மாதிரி சிலது இருக்கும். ஏற்பின்னு சொல்லுவோம். சுத்தி மிதந்து வர்ற சேதிய அது பிடிச்சுக்கும். பிடிச்சதும் உள்ள உத்தரவு போகும், 'நட'ன்னு."

அடுத்த தட்டின் படத்தை வைத்தாள். மருந்து போட்டு அந்த ஏற்பியை அடைத்த தட்டு. செல்கள் ஆணி அடித்தாற்போல் கிடந்தன.

"அப்ப நிறுத்த முடியுது."

"தட்டுல முடியுது."

"அவளுக்குக் குடுத்திருந்தா?"

மூன்றாவது தட்டைத் திரைக்குக் கொண்டுவந்தாள். நோயில்லாத துணை செல்கள். நடுவே ஊசியால் கீறிய காயம். சும்மா விட்டிருந்தால் செல்கள் நகர்ந்து வந்து மூடியிருக்கும். இதிலும் அதே மருந்து. கீறல் திறந்தே கிடந்தது.

"நல்லதையும் கட்டிப்போட்டுடுது அத்தான். இது மருந்தாக வருஷக்கணக்காகும். ஆகாமலும் போகலாம்." வேறு யாரோ எழுதியதை வாசிப்பதுபோல் இருந்தது அவள் குரல்.

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவளோடத எல்லாம் தூக்கிப் போட்டுடேன்" என்றார். உடனே, "இல்ல, வேணாம். இருக்கட்டும்."

சின்னவள் அக்காவின் தட்டிலிருந்த பழைய ஊட்டத் திரவத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதிதாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கை நடுங்கவில்லை. நடுங்கினால் தேவலை என்று தோன்றியது.

"நீதான் ஊட்டுறியா இதுக்கு?"

"ஆமா."

"ம்."

லிஃப்ட் வரை கூடப் போனாள். கதவு திறந்ததும் அத்தான் திரும்பினார்.

"போர்வை துவைக்க மெஷின்ல எந்தப் பட்டன அழுத்தணும்? அவதான் போடுவா."

"கடைசிப் பட்டன். மூடிய நல்லா அழுத்திட்டுப் போடுங்க."

"கடைசி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறினார். கதவு மூடியது. உள்ளே அடுத்த தட்டு காத்திருந்தது. சின்னவள் கையுறையை மாற்றிக்கொண்டாள்.